பத்து விநாடி அலை

ஓடாதவருக்கு ஏன் மூச்சு வாங்குகிறது?

பெங்களூரு வைட்ஃபீல்டின் ஹோப் ஃபார்ம் சந்திப்பில் காலை ஒன்பது மணிக்கு ஒரு வாடகைக் கார் நிற்கிறது. பின்னிருக்கையில் இருப்பவரை நாகர்கோவில்காரர் என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் வேலை. வயது 34. வீட்டுக் கடன் இன்னும் 16 வருஷம் பாக்கி. கார் நகர்ந்து பத்து நிமிஷம் ஆகிறது. கைப்பேசியில் மேலாளரிடமிருந்து ஒரே ஒரு வரி வருகிறது: "11 மணிக்குக் கொஞ்சம் பேசணும்." அவ்வளவுதான். நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது, நாக்கு ஒட்டிக்கொள்கிறது, வயிற்றைப் பிசைகிறது.

நாய் துரத்தி ஓடியவருக்கு இதெல்லாம் வந்தால் வியப்பில்லை. குளிர்சாதனம் ஓடும் காரில் அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கு ஏன் வருகிறது?

இதே மனிதர் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வெளியே வரும்போது மனைவியிடம், "இப்பதான் மனசு லேசாச்சு" என்கிறார். கடன் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. மேலாளரும் மாறவில்லை. அப்படியென்றால் எது லேசானது? முதல் கேள்விக்கு விடை தெரிந்து நூறு வருஷம் ஆகிறது. இரண்டாவது கேள்வியைத்தான் நாம் இங்கே நிதானமாகப் பார்க்கப் போகிறோம். முதலாவதைத் தாண்டாமல் அங்கே போக முடியாது.

பூனையும் எலியும்

ஹார்வர்டில் உடலியல் பேராசிரியராக இருந்த வால்ட்டர் கேனன், குரைக்கும் நாயின் முன் பூனையை வைத்து அதன் இரத்தத்தைச் சோதித்தார். சிறுநீரகத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, அட்ரினலினைக் கொட்டியிருந்தது. 1915இல் வெளிவந்த அவருடைய நூல் இந்த ஏற்பாட்டை விரிவாக விளக்கியது. சண்டை போட வேண்டும், இல்லையேல் ஓட வேண்டும். இரண்டுக்கும் தொடைத் தசைக்கு இரத்தம் வேண்டும். ஆகவே இதயம் வேகமெடுக்கிறது. செரிமானம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஆகவே எச்சில் வற்றுகிறது, வயிறு பிசைகிறது. உடல் சூடாகப் போகிறது. ஆகவே முன்கூட்டியே வேர்க்கிறது. ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது.

1936இல் மான்ட்ரியலில் ஹான்ஸ் செல்யே என்ற இளம் மருத்துவர் அடுத்த படியை எடுத்து வைத்தார். எலிகளுக்கு உறுப்புச் சாறுகளை ஊசி மூலம் ஏற்றிக்கொண்டிருந்தவர், எந்தச் சாற்றை ஏற்றினாலும் ஒரே மூன்று மாற்றங்கள் வருவதைக் கண்டார்: அட்ரினல் வீங்கியது, நோய் எதிர்ப்புக்கான தைமஸ் சுருங்கியது, வயிற்றில் புண் வந்தது. குளிரில் வைத்தாலும், ஓய்வில்லாமல் ஓடவிட்டாலும் அதேதான். துன்பம் எதுவாயினும் உடல் தரும் பதில் ஒன்று. நாம் இன்று மன அழுத்தம் என்று சொல்வதன் அறிவியல் அங்கே பிறந்தது.

பூனைக்கும் நமக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நாய் போனதும் பூனை படுத்துத் தூங்கிவிடும். நாகர்கோவில்காரருக்கு நாய் இன்னும் வரவேயில்லை. வரப்போகிறது என்ற நினைப்பு மட்டும் வந்திருக்கிறது. 11 மணிக்குப் பேச்சு. ஒன்பதிலிருந்து 11 வரை அவர் அதை மனத்தில் ஓட்டிப் பார்க்கிறார். அவர் இப்படிச் சொன்னால் நான் அப்படிச் சொல்வேன், அப்படிச் சொன்னால் வேலை போகும், வேலை போனால் கடன். ஒவ்வொரு ஒத்திகைக்கும் உடல் நிஜமாகவே தயாராகிறது. அட்ரினலின் சில விநாடிகளில் வேலை செய்யும். அதற்குப் பின்னால் மெதுவாக வரும் கார்ட்டிசால் என்ற சுரப்பு, இரத்தத்தில் உச்சம் தொட 20 முதல் 30 நிமிடம் எடுத்துக்கொள்ளும். இரண்டு மணி நேரம் ஒத்திகை பார்த்தால் அது இறங்கவே வழியில்லை.

நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் யோஸ் பிராஸ்காட் என்ற உளவியலாளர் இந்த ஒத்திகையைத்தான் முக்கியக் குற்றவாளி என்று 2006 முதல் வாதாடி வருகிறார். நாம் இதைச் சுழல் நினைப்பு என்று அழைப்போம். அழுத்தம் தரும் நிகழ்ச்சி பத்து நிமிஷம். அதற்கு முன்னும் பின்னும் சுழலும் நினைப்பு பத்து மணி நேரம். உடலைத் தேய்ப்பது பெரும்பாலும் பின்னதுதான் என்பது அவர் கட்சி. மலைப்பிரசங்கம் கேட்டு வளர்ந்தவருக்கு இது புதிதல்ல. நாளையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்பது அவருக்குப் பால பாடம். ஆனால் கவலைப்படாதே என்று சொன்னதால் கவலை நின்ற ஒருவரை எனக்குத் தெரியாது. உடலுக்குக் கட்டளை புரிவதில்லை. அதற்கு வேறு மொழி வேண்டும்.

ஓய்வுக்கு ஏற்ற ஊர்

கார் நிற்கும் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. 1882இல் மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜேந்திர உடையார், ஆங்கிலோ இந்தியர்கள் விவசாயம் செய்து பிழைக்க அவர்களுடைய சங்கத்துக்கு 3,900 ஏக்கர் நிலம் கொடுத்தார். அந்தச் சங்கத்தை நடத்திய டி. எஸ். வைட்டின் பெயரே ஊருக்கு வந்தது. நடுவில் ஒரு வட்டம், அதைச் சுற்றி வீடுகள், பழத்தோட்டம், தேவாலயம். இன்னர் சர்க்கிள் என்ற பெயரில் அந்த வட்டம் இன்றும் இருக்கிறது. பல பத்தாண்டுகள் அது ரயில்வேயிலும் தந்தி இலாகாவிலும் ஓய்வு பெற்றவர்கள் வந்து தங்கும் கிராமமாகவே கிடந்தது. 1963இல் எம். ஏ. தாமஸ் அங்கே எக்யுமெனிக்கல் கிறிஸ்தவ மையத்தைத் தொடங்கியபோதும், ஊர்ச் சத்தத்திலிருந்து விலகி அமர்ந்து பேச ஏற்ற இடமாகத்தான் வைட்ஃபீல்ட் இருந்தது.

1990களில் தொழில்நுட்பப் பூங்கா வந்தது. பிறகு நடந்ததை ஹோப் ஃபார்மில் நிற்கும் கார் சொல்லும். சாலை நெரிசலை அளக்கும் டாம்டாம் நிறுவனத்தின் 2022 கணக்குப்படி பெங்களூரு நகர மையத்தில் 10 கிலோமீட்டர் கடக்கச் சராசரியாக 29 நிமிடம் 10 விநாடி ஆனது. உலகில் லண்டனுக்கு அடுத்த இடம். 2023 அக்டோபரில் ஊதா வழித்தட மெட்ரோ முழுமையாகத் திறந்தது பலருக்கு ஒரு மருந்துக் கடை செய்திருக்க முடியாத நன்மையைச் செய்தது என்பது என் அபிப்பிராயம். நேரம் மிச்சமானது ஒரு பங்கு. எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று தெரிந்திருப்பது இன்னொரு பங்கு. தெரியாமல் காத்திருப்பதுதான் சுழல் நினைப்புக்குத் தீனி.

மூச்சு மட்டும்

இதயம், குடல், வேர்வைச் சுரப்பி, இரத்தக் குழாய் எல்லாம் நம்மைக் கேட்காமல் இயங்குபவை. இவற்றை நடத்தும் தன்னியக்க நரம்பு மண்டலத்தில் இரண்டு பிரிவுகள். பரிவு நரம்புகள் வேகம் கூட்டும். துணைப்பரிவு நரம்புகள் வேகம் தணிக்கும். தணிக்கும் வேலையில் பெரும்பங்கு வேகஸ் என்ற ஒரு நீண்ட நரம்புக்கு. மூளையின் அடியில் புறப்பட்டு இதயம், நுரையீரல், குடல் வரை அது இறங்குகிறது.

"இதயமே, மெதுவாக அடி" என்று சொன்னால் அது கேட்காது. ஆனால் நம்மைக் கேட்காமலும் நடந்து, நாம் சொன்னாலும் கேட்கும் வேலை ஒன்று உண்டு. அது மூச்சு. மூச்சை இழுக்கும்போது வேகஸ் சற்றுத் தளர்கிறது, இதயம் கொஞ்சம் வேகமாகிறது. விடும்போது வேகஸ் பிடிக்கிறது, இதயம் தணிகிறது. மணிக்கட்டில் விரல் வைத்துக்கொண்டு ஆழமாக மூச்சை இழுத்து மெதுவாக விட்டுப் பாருங்கள். இளம் வயதினருக்கு இந்த ஏற்ற இறக்கம் விரலிலேயே தெரியும்.

இன்னொரு அலையும் உடலில் ஓடுகிறது. நமது இரத்த அழுத்தம் ஒரே அளவில் நிற்பதில்லை. ஏறத்தாழ பத்து விநாடிக்கு ஒரு முறை சற்றே ஏறி இறங்கும். ஜெர்மன் உடலியலாளர் சிக்முண்ட் மேயர் 1876இல் இதை விவரித்ததால் மேயர் அலை என்று பெயர். அழுத்தத்தைக் கண்காணிக்கக் கழுத்துத் தமனியிலும் இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியிலும் உணரிகள் இருக்கின்றன. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மிதவையை நினைத்துக்கொள்ளுங்கள். நீர் ஏறினால் மிதவை உயர்ந்து குழாயை மூடும், இறங்கினால் திறக்கும். அதேபோல் அழுத்தம் ஏறியதை உணரிகள் சொன்னதும் இதயம் மெதுவாகிறது, இறங்கியதும் வேகமாகிறது. இதற்கு இரத்த அழுத்த அனிச்சை என்று பெயர் வைப்போம். மிதவை துருப்பிடித்திருந்தால் தொட்டி வழியும் அல்லது வறளும். அனிச்சை மந்தமாக இருக்கும் உடலும் அப்படித்தான், சின்ன அதிர்ச்சிக்கும் தடுமாறும்.

ஐம்பத்து மூன்று மணி

இப்போது இத்தாலிக்குப் போவோம். பவியா பல்கலைக்கழகத்தின் இதய ஆய்வாளர் லுசியானோ பெர்னார்டியும் அவர் குழுவும் 2001 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 23 ஆரோக்கியமான ஆட்கள். அவர்களை லத்தீன் மொழியில் செபமாலையின் மரியன்னை செபத்தைச் சொல்லச் சொன்னார்கள். இன்னொரு தடவை ஒரு திபெத்திய மந்திரம். இடையிடையே சும்மா உட்கார்ந்திருப்பது, சாதாரணமாகப் பேசுவது. எல்லா நேரமும் மூச்சும் நாடியும் இரத்த அழுத்தமும் பதிவாகிக்கொண்டே இருந்தன.

சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 14 மூச்சு. செபம் சொன்னபோது ஏறக்குறைய 6. மந்திரம் சொன்னபோதும் ஏறக்குறைய 6. இந்த இரண்டிலும் யாரும் "மெதுவாக மூச்சு விடு" என்று சொல்லவில்லை.

எப்படி நடந்தது? செபமாலை சொல்லும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு விடை தெரியும். அம்மா முதல் பாதியைச் சொல்வார். மற்றவர்கள் இரண்டாம் பாதியைச் சேர்ந்து சொல்வார்கள். நம் பாதியை ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும். அதாவது நீளமாக மூச்சை விட வேண்டும். அம்மா சொல்லும்போது மூச்சை இழுத்துக்கொள்ள நேரம் கிடைக்கும். லத்தீனில் இந்தச் சுற்று முழுவதற்கும் ஏறத்தாழ பத்து விநாடி ஆகிறது. நிமிடத்துக்கு 6 மூச்சு.

பத்து விநாடி என்பது மேயர் அலையின் நீளமும் அல்லவா? மூச்சால் வரும் ஏற்ற இறக்கமும் அழுத்தத்தால் வரும் ஏற்ற இறக்கமும் ஒரே தாளத்துக்கு வந்துவிட்டால் ஒன்றையொன்று தூக்கிவிடும். பெர்னார்டியின் பதிவுகளில் அதுதான் தெரிந்தது. இதயத்தின் ஏற்ற இறக்கம் பெரிதாகி, ஒழுங்கானது.

அளவு எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுவிடுவோம். இத்தகைய ஆய்வுகளைப் பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகள் விட்டுவிடும் பகுதி இதுதான். அழுத்தம் ஒரு மில்லிமீட்டர் பாதரசம் ஏறினால், அடுத்த துடிப்பை இதயம் எத்தனை மில்லிவிநாடி தள்ளிப்போடுகிறது என்பதை வைத்து அனிச்சையின் கூர்மையை அளப்பார்கள். செபத்துக்கு முன் சராசரி 9.5. செபத்தின்போது 11.5. நாடி 75 இருக்கும் ஒருவருக்குத் துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையே 800 மில்லிவிநாடி. அழுத்தம் 10 ஏறுகிறது என்று கொள்வோம். முன்பானால் இதயம் 95 மில்லிவிநாடி தள்ளிப்போடும். இடைவெளி 895, நாடி சுமார் 67. செபத்தின்போது 115 தள்ளிப்போடும். இடைவெளி 915, நாடி சுமார் 65 அரை. வித்தியாசம் ஒன்றரைத் துடிப்பு.

இவ்வளவுதானா என்று தோன்றலாம். அற்புதம் என்று மேடையில் முழங்குவதற்கு இது போதாது என்பது உண்மை. மருந்து இல்லாமல், கருவி இல்லாமல், உட்கார்ந்த இடத்திலேயே அனிச்சையின் கூர்மை ஐந்தில் ஒரு பங்கு கூடியிருக்கிறது என்பதும் உண்மை. ஐம்பத்து மூன்று மணி செபமாலையில் ஒரு மணிக்குப் பத்து விநாடி வைத்தாலே ஒன்பது நிமிடம் வருகிறது. பரலோக மந்திரமும் மறையுண்மைகளும் சேர்ந்தால் கால் மணி நேரத்தைத் தாண்டும். அத்தனை நேரம் நிமிடத்துக்கு ஆறு மூச்சு விட்டுக்கொண்டு உட்காரச் சொன்னால் நம்மில் எத்தனை பேர் உட்காருவோம்? மூச்சை எண்ணுவது சலிப்பான வேலை. செபத்தில் எண்ணுவது விரலின் வேலையாகிவிடுகிறது. வாய்க்கும் வேலை, காதுக்கும் வேலை. சுழல் நினைப்புக்குக் கிடைக்கும் இடம் குறைகிறது. இந்தக் கடைசி வாக்கியம் பெர்னார்டியின் முடிவல்ல, என் ஊகம். அவர் அளந்தது மூச்சையும் இரத்த ஓட்டத்தையும்தான், பதற்றத்தை அல்ல.

ஒரு எச்சரிக்கை. தமிழில் செபத்தின் வேகம் வீட்டுக்கு வீடு மாறும். அடுப்பில் மீன்குழம்பு கொதிக்கும் வாசனை வந்ததும் பிள்ளைகள் பிடிக்கும் வேகத்தில் மேலே சொன்ன எதுவும் நடக்காது. கைக்கடிகாரத்தை வைத்து ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம். பத்து விநாடிக்கு அருகே வந்தால் சரி.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. மரியன்னை செபத்துக்கும் திபெத்திய மந்திரத்துக்கும் இதயம் ஒரே பதிலைத்தான் கொடுத்தது. செபமாலை என்ற பழக்கமே சிலுவைப் போர்க்காலத்தில் அரபுகள் வழியாகக் கிழக்கிலிருந்து ஐரோப்பாவுக்குப் போயிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் அந்தக் கட்டுரையிலேயே குறிப்பிடுகிறார்கள். இதைக் கேட்டு விசுவாசிகள் வருத்தப்படத் தேவையில்லை என்று நினைக்கிறேன். செபம் யாரிடம் போய்ச் சேர்கிறது என்பதை நாடிமானி சொல்லாது, சொல்லவும் முடியாது. சொல்பவருடைய உடலில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்லும்.

பாமாலைக்காரர்களுக்கு

செபமாலை சொல்லாத சபைகளில் இருப்பவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பாட்டு அதே வேலையைச் செய்கிறது. ஓர் அடியை இழுத்துப் பாடுவது நீளமான வெளிமூச்சு. அடி முடியும் இடத்தில் விரைவான உள்மூச்சு. ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் பியோர்ன் விக்ஹோஃப் குழு 2013இல் இளைஞர்களைச் சேர்ந்து பாடவைத்து இதயத் துடிப்பைப் பதிவு செய்தது. பாட்டின் அடி எப்படி அமைந்திருக்கிறதோ அப்படியே மூச்சு. மூச்சு எப்படியோ அப்படியே துடிப்பு. சேர்ந்து பாடியவர்களின் துடிப்பும் சேர்ந்தே ஏறி இறங்கியது. பாமாலையில் இருக்கும் பழைய நிதானமான பாடல்களுக்கும், நீட்டிப் பாடும் கீர்த்தனைகளுக்கும் இது பொருந்தும். டிரம் அதிர, குதித்துப் பாடும் ஆராதனைக்கு வேறு பலன்கள் இருக்கலாம். அது உடற்பயிற்சிக் கணக்கில் வரும்.

எலியா சாப்பிட்ட அடை

பதற்றத்துக்கும் சோர்வுக்கும் வேதாகமத்தில் மருத்துவக் குறிப்பு ஏதாவது உண்டா என்று கேட்டால் நான் 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தைக் காட்டுவேன். கர்மேல் மலையில் பெரிய வெற்றி கண்ட எலியா, யேசபேல் அரசியின் ஒரு மிரட்டலைக் கேட்டு ஓடுகிறார். வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் அடியில் உட்கார்ந்து, போதும், சாக வேண்டும் என்கிறார். அங்கே வரும் தேவதூதன் புத்தி சொல்வதில்லை. விசுவாசம் போதவில்லை என்று குறை சொல்வதும் இல்லை. எலியா தூங்குகிறார். தூதன் தட்டி எழுப்புகிறான். தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டு மறுபடியும் தூங்குகிறார். மறுபடியும் சாப்பாடு. அப்புறம் நாற்பது நாள் நடை. மெல்லிய சத்தத்தைக் கேட்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். முடிவில் எலிசா என்று ஒரு துணையும் கிடைக்கிறது.

தூக்கம், சாப்பாடு, நடை, துணை. வரிசையைக் கவனியுங்கள், தூக்கம் முதலில் வருகிறது. 2007இல் சுங்-ஷிக் யூவும் மேத்யூ வாக்கரும் 26 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு பிரிவினர் சுமார் 35 மணி நேரம் தூங்காமல் இருந்தார்கள். பிறகு மனத்தைக் கலக்கும் படங்களைக் காட்டினார்கள். மூளையில் ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற பகுதி, தூங்கியவர்களைவிடத் தூங்காதவர்களுக்கு 60 சதவீதம் அதிகமாகக் கிளர்ந்தது. அதை அடக்கி வைக்கும் நெற்றிப் பகுதி மூளையுடனான தொடர்பும் தளர்ந்திருந்தது. அமெரிக்க நேரத்துக்கு இரவு 11 மணிக் கூட்டத்தில் உட்காரும் வைட்ஃபீல்ட்காரர் மறுநாள் காலை வரும் அந்த ஒற்றை வரிச் செய்தியைச் சந்திப்பது இப்படிப்பட்ட மூளையோடுதான்.

காபியின் கதை சுருக்கமானது. காஃபின் உடலில் பாதியாகக் குறையச் சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை நான்கு மணிக்குக் குடித்த ஃபில்டர் காபியின் காஃபினில் கால்வாசி அதிகாலை இரண்டு மணிக்கும் இரத்தத்தில் இருக்கிறது. இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பவர்கள் பிசாசைக் குறை சொல்வதற்கு முன் நான்கு மணியை நினைத்துப் பார்க்கலாம்.

நடை? உடல் ஓடுவதற்காகச் சர்க்கரையை இரத்தத்தில் இறக்கி வைத்திருக்கிறது. ஓடவில்லை என்றால் அது வீண். காடுகோடி மரப் பூங்காவிலோ, அடுக்குமாடி வளாகத்தைச் சுற்றியோ அரை மணி நேரம் வேகமாக நடந்தால் உடல் தான் எதற்குத் தயாரானதோ அதைச் செய்துவிட்டது என்றாகிறது. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு கேட்கிறது. மெட்ரோ நிலையத்துக்கு நடந்து போய் வந்தாலே பாதி தேறிவிடும்.

செபமே பாரமாகும்போது

துணை என்பதற்கு ஓர் எண்ணிக்கை இருக்கிறது. 2016இல் ஹார்வர்டின் டைலர் வாண்டர்வீல் குழு, 74,534 அமெரிக்கச் செவிலியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து வந்த தரவை அலசியது. வாரத்தில் ஒரு முறைக்கு மேல் ஆலயம் போனவர்களுக்கு, போகவே போகாதவர்களைவிட அந்தக் காலத்தில் இறக்கும் வாய்ப்பு 33 சதவீதம் குறைவாக இருந்தது. புகைபிடிக்காமை, மனச்சோர்வு குறைவு, ஆட்களின் துணை இவை அதில் ஒரு பகுதியை மட்டும் விளக்கின. ஆனால் ஆரோக்கியமானவர்கள்தான் ஆலயத்துக்குப் போக முடிகிறது என்ற சந்தேகத்தை இவ்வகை ஆய்வுகள் முழுவதும் தீர்த்துவிடாது.

மறுபக்கமும் இருக்கிறது. ஹெர்பர்ட் பென்சன் தலைமையில் 2006இல் வெளிவந்த பெரிய ஆய்வில், இதய அறுவை சிகிச்சைக்கு வந்த 1,802 பேரில் ஒரு பிரிவினருக்காக முன்பின் தெரியாதவர்கள் செபித்தார்கள். தமக்காகச் செபிக்கப்படுகிறதா என்று தெரியாதவர்களிடம் எந்த மாற்றமும் இல்லை. நிச்சயமாகச் செபிக்கிறார்கள் என்று சொல்லப்பட்டவர்களில் 59 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது, தெரியாதவர்களில் 52. "செபிக்கும் அளவுக்கு என் நிலைமை மோசமா?" என்ற பயம் காரணமாக இருக்கலாம் என்று ஒரு விளக்கம் சொன்னார்கள். மருத்துவமனைப் படுக்கையைச் சுற்றி நின்று உரத்த குரலில் செபிக்கும் நல்ல உள்ளங்கள் இதை யோசிக்க வேண்டும்.

கென்னத் பார்கமென்ட் என்ற உளவியலாளர் இன்னும் கூர்மையாகப் பிரித்தார். கடவுள் கூட இருக்கிறார் என்று நினைத்து நோயைத் தாங்குவது ஒரு வகை. கடவுள் கைவிட்டுவிட்டார், இது என் பாவத்துக்குத் தண்டனை என்று நினைப்பது இன்னொரு வகை. மருத்துவமனையில் இருந்த 596 மூத்த நோயாளிகளை அவர் குழு இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாவது வகை நினைப்பு மரண அபாயத்தைச் சற்றுக் கூட்டியது. ஆகவே பதற்றத்தில் தவிப்பவரிடம் "உனக்கு விசுவாசம் பத்தலை" என்று சொல்வது ஆறுதல் ஆகாது. அது அவருக்கு இன்னொரு நாயைக் காட்டுவது.

நூர் மன்சில்

அமெரிக்க மெத்தடிஸ்ட் மிஷனரி இ. ஸ்டான்லி ஜோன்ஸ் 1907இல் லக்னோ வந்தார். எட்டு ஒன்பது வருஷத்துக்குள் ஓயாத வேலையில் மனமும் உடலும் நொறுங்கின. விடுப்பில் போய்த் திரும்பினார், மறுபடியும் நொறுங்கினார். லக்னோவில் ஒரு நாள் செபத்தின்போது தமக்கு விடுதலை கிடைத்ததாகவே அவர் கடைசிவரை எழுதினார். அதன்பின் பல பத்தாண்டுகள் ஓய்வில்லாமல் உழைத்தார். 1930இல் சாத்தாலில் கிறிஸ்தவ ஆசிரமம் கண்டார்.

அப்படிப்பட்டவர் 1950இல் லக்னோவில் என்ன தொடங்கினார் தெரியுமா? நூர் மன்சில் என்ற மனநல மருத்துவமனை. தமக்குச் செபத்தால் கிடைத்தது எல்லோருக்கும் செபத்தால் மட்டும் கிடைத்துவிடும் என்று அவர் கருதவில்லை. நான் அவரை மதிப்பது அவர் எழுதிய புத்தகங்களைவிட இதற்காக.

பெங்களூருவின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015–16இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடும் அடக்கம். வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஆய்வுக் காலத்தில் ஏதாவதொரு மனநலக் கோளாறு இருந்தது. கோளாறின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே எட்டவில்லை. அவர்களில் பலர் ஏதோவொரு கோயிலிலோ சபையிலோ பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள்தான்.

ஆறு மூச்சும் அரை மணி நடையும் தினசரிப் பதற்றத்துக்கு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் போயிருந்தால், வேலைக்குப் போகவே கால் வராவிட்டால், காரணமில்லாமல் திடீரென்று நெஞ்சடைத்துச் சாகப்போகிறோம் என்ற பயம் திரும்பத் திரும்ப வந்தால், எலியா சூரைச்செடியடியில் நினைத்ததை நினைத்தால், மருத்துவரைப் பார்க்க வேண்டும். நெஞ்சுவலி என்றால் முதலில் இதயத்தைச் சோதித்துவிட வேண்டும். 2022 அக்டோபர் 10ஆம் தேதி தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவையின் எண் 14416. கட்டணம் இல்லை, இரவும் பகலும் உண்டு, தமிழிலும் பேசலாம். அதன் தலைமை மையம் வைட்ஃபீல்டிலிருந்து ஒரு மெட்ரோவும் ஒரு பஸ்ஸும் தள்ளி ஓசூர் சாலையில் இருக்கும் நிம்ஹான்ஸ்தான். எத்தனை நாளாகத் தூக்கமில்லை, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், குடிப்பழக்கம் உண்டா, வீட்டில் கூட யார் இருக்கிறார்கள் என்பவற்றை அழைப்பதற்கு முன்பே ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டால் பேசுவது எளிது.